மூலத்தைத் தயார்செய்தல்: பில் நிற்காமல் தரவை வெளியே கொடுக்க

ஒத்திசைவு மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. புது மூலத்தைச் சேர்க்கும் திரை மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், கடைசியில் ‘சோதித்துப் பார்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பச்சை விழும். பச்சை விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் எழுந்துவிடுகிறார்கள். அந்தத் திரையை நிரப்பப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன் டேட்டாபேஸ் பக்கத்தில் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது இந்த அத்தியாயம். அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பாகத் தருகிறேன். உங்கள் டேட்டாபேஸின் கையேட்டில் அதே பெயரில் கிடைக்கும்.

இந்த நூல் நெடுக நம்மோடு வரும் கற்பனை நிறுவனத்தையே இங்கேயும் எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுவலகமும் அசெம்பிளியும். ஆவடி தாண்டி பட்டாபிராம் பக்கம் ஜாப் ஒர்க் செய்துதரும் லேத் பட்டறைகள். பூந்தமல்லியில் குடோன், அங்கிருந்துதான் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துக் கார் ஆலைகளுக்குச் சரக்கு போகிறது. சர்வர் ஒன்றே ஒன்று, அம்பத்தூர் மாடியறையில். பூந்தமல்லிக்காரர்கள் இன்றைய இருப்பைத் தெரிந்துகொள்ள இரவு வாட்ஸ்அப்பில் வரும் எக்செல் கோப்புக்குக் காத்திருக்கிறார்கள். முதலாளிக்குக் கைப்பேசியில் விற்பனைப் படம் வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் அம்பத்தூர் சர்வரை மூலமாக்கி, கிளவுடில் ஒரு நகல் வைக்கப் போகிறோம்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலத்தின் முதல் கடமை, லாரி கேட்டில் நிற்கும்போது இன்வாய்ஸ் வெளியே வருவது. ஒத்திசைவு நின்றால் நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம். இன்வாய்ஸ் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் கார் ஆலையிலிருந்து போன் வரும். கீழே எந்த அமைப்பில் இரண்டு வழி இருந்தாலும், இன்வாய்ஸைக் காப்பாற்றும் வழியைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது எது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டேலி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் உதவாது. டேலி தன் சொந்தக் கோப்பு வடிவத்தில் கணக்கை வைத்திருக்கிறது. அது ரிலேஷனல் டேட்டாபேஸ் இல்லை. ஓ.டி.பி.சி. அல்லது எக்ஸ்.எம்.எல். வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளூர் மென்பொருள்காரர் எழுதிக்கொடுத்த பழைய பில்லிங் புரோகிராம் என்றால் பெரும்பாலும் பின்னால் இருப்பது மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ். இலவசம், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி. என்பது உச்சவரம்பு. ஓடூ வைத்திருந்தால் உள்ளே போஸ்ட்கிரெஸ் தவிர வேறெதுவும் இருக்க வழியில்லை. ஈஆர்பிநெக்ஸ்ட் வழக்கமாக மரியாடிபியில் ஓடுகிறது. பி.எச்.பி.யில் எழுதியவை பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல். பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருந்தால் ஒத்திசைவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பதிப்பை உயர்த்துங்கள்.

மாறியது எது என்று எப்படித் தெரியும்?

ஒத்திசைவின் கேள்வியே இதுதான். கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு என்ன மாறியது? பதில் சொல்ல மூன்று வழிகள் இருக்கின்றன.

முழுவதையும் ஒவ்வொரு முறையும் நகலெடுப்பது முதல் வழி. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஐந்தாயிரம் வரிகள் கொண்ட ஐட்டம் மாஸ்டருக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது. தினமும் இரவில் ஒருமுறை முழுதாக எடுத்துவிட்டுப் போங்கள். சிறிய டேபிளுக்கெல்லாம் நுட்பமான வழி தேடுவது வீண்வேலை.

இரண்டாவது, ஒரு புலத்தை அடையாளமாக வைத்து ‘இதற்கு மேல் உள்ளவற்றைக் கொடு’ என்று கேட்பது. பலர் இங்கே இன்வாய்ஸின் வரிசை எண்ணை வைத்துவிடுகிறார்கள். புது வரி வரும்போதெல்லாம் எண் ஏறுமே, போதாதா? போதாது. நம் இன்வாய்ஸ் ஒன்றின் வாழ்க்கையைப் பாருங்கள். வரி எழுதப்படுகிறது. பிறகு ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் தளத்துக்குப் போய் 64 எழுத்து ஐ.ஆர்.என். எண்ணோடு திரும்பி வந்து அதே வரியில் பதிகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். அதன்பின் 24 மணி நேரத்துக்குள் ரத்துசெய்தால் அதே வரியின் நிலை மாறும். எண் ஏறவே இல்லை. வரி இரண்டு முறை மாறிவிட்டது. எண்ணை நம்பிய நகலில் ஐ.ஆர்.என். இல்லாத, ரத்தே ஆகாத இன்வாய்ஸ் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். டெலிவரி சலான் இன்னும் மோசம். ஜாப் ஒர்க்குக்குப் பட்டாபிராம் அனுப்பிய பொருள் திரும்பி வர ஜி.எஸ்.டி. சட்டம் ஓராண்டு தருகிறது. பத்து மாதத்துக்கு முந்தைய சலான் இன்று மூடப்படலாம். ‘கடைசி ஏழு நாள் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்’ என்ற தந்திரமும் அங்கே தோற்றுவிடும்.

எண்ணுக்குப் பதில், கடைசியாக மாறிய நேரத்தைக் காட்டும் புலத்தை வையுங்கள். ஓடூவில் ‘ரைட் டேட்’, ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ‘மாடிஃபைட்’ என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. இதிலும் ஓட்டைகள் உண்டு.

மென்பொருள்காரர் ஒரு தவறைத் திருத்த நேராக டேட்டாபேஸுக்குள் போய் ஒரு கட்டளை அடித்தால் அந்தப் புலம் மாறாது. அதை மாற்றுவது மேலே உள்ள மென்பொருள்தான், டேட்டாபேஸ் அல்ல. ஒரு டிரிக்கர் எழுதி, யார் தொட்டாலும் நேரம் பதியும்படி செய்துவிடுவது நல்லது. மைஎஸ்க்யூஎல்லில் புலத்தை உருவாக்கும்போதே ‘ஆன் அப்டேட்’ என்று சேர்த்துவிட்டால் டிரிக்கரே வேண்டாம்.

அடுத்த ஓட்டை நுட்பமானது. ஸ்டோர்ஸில் ஒருவர் 5:58-க்குப் பெரிய சரக்கு வரவு ஒன்றைப் பதியத் தொடங்குகிறார். அது முழுமையாகி டேட்டாபேஸில் உறுதியாவது 6:01-க்கு. ஆனால் போஸ்ட்கிரெஸ் அதற்குத் தரும் நேரம் பரிவர்த்தனை தொடங்கிய நேரம், அதாவது 5:58. நடுவில் 6:00 மணிக்கு ஒத்திசைவு வந்து, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, ‘5:59 வரை பார்த்தாயிற்று’ என்று குறித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த முறை 5:59-க்கு மேல்தான் கேட்கும். அந்த வரவு நகலுக்கு வரவே வராது. பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் பின்னால் போய்க் கேட்பதும், பிரைமரி கீயை வைத்து இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்று எழுதுவதும்தான் தீர்வு. அதே வரி இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லை.

அழித்த வரி மட்டும் எந்த நேரப் புலத்திலும் தெரியாது. இல்லாத வரிக்கு நேரம் ஏது? அழிப்பதை நிறுத்திவிட்டு ‘செல்லாது’ என்று குறியிடும் பழக்கத்துக்கு மாறச் சொல்லுங்கள். கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டவிதி. ஆகவே ஆடிட்டரும் உங்கள் பக்கம்தான் பேசுவார்.

மூன்றாவது வழி, டேட்டாபேஸ் தனக்காகவே எழுதிக்கொள்ளும் மாற்றப் பதிவேட்டைப் படிப்பது. மின்சாரம் போய்த் திரும்பினால் தன்னை மீட்டுக்கொள்ள ஒவ்வொரு மாற்றத்தையும் அது ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அதைப் படித்தால் சேர்த்தது, மாற்றியது, அழித்தது எல்லாம் நடந்த வரிசையில் கிடைக்கும். டெபீசியம், ஏர்பைட் போன்றவை செய்வது இதைத்தான். இன்வாய்ஸ், டிஸ்பாட்ச், இருப்பு நகர்வு போன்ற ஓயாமல் மாறும் டேபிள்களுக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். ஆனால் மூலத்தைக் கவிழ்க்கக்கூடிய வழியும் இது ஒன்றுதான்.

போஸ்ட்கிரெஸ்: இங்கே நிதானமாக

போஸ்ட்கிரெஸ் 10, 2017 அக்டோபரில் வந்தது. வெளியீடு, சந்தா என்ற ஏற்பாடு அதிலிருந்துதான் உள்ளேயே இருக்கிறது. முதல் வேலை, ‘வால் லெவல்’ என்ற அமைப்பை ‘ரெப்ளிகா’விலிருந்து ‘லாஜிக்கல்’ ஆக்குவது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால்தான் இது செல்லும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை நிறுத்தும் நாளை நாளிதழில் பார்த்து, அன்றைக்கு வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். எப்படியும் யாரும் பில் போடப் போவதில்லை.

அடுத்தது வெளியீடு, அதாவது மாற்றங்கள் வெளியே போக வேண்டிய டேபிள்களின் பட்டியல். எந்த டேபிள்கள் என்று பெயர் சொல்லியே உருவாக்குங்கள். ‘எல்லா டேபிளும்’ என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதற்கு உச்ச அதிகாரம் வேண்டும் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. பிரைமரி கீ இல்லாத ஒரு டேபிள் வெளியீட்டுக்குள் வந்துவிட்டால், அந்த டேபிளில் ஒரு வரியைத் திருத்தவோ அழிக்கவோ போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். ஒத்திசைவில் இல்லை, மூலத்திலேயே மறுக்கும். உங்கள் பில்லிங் திரையில் பிழைச் செய்தி வரும். ‘டேஷ்போர்டு போட்டதிலிருந்து பில் விழவில்லை’ என்ற பேச்சுக்குக் காரணம் பல இடங்களில் இதுதான். ஆகவே வெளியீட்டை உருவாக்கும் முன், சேர்க்கப்போகும் ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மென்பொருள்காரரிடம் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால் ‘ரெப்ளிகா ஐடென்டிட்டி’யை ‘ஃபுல்’ ஆக்கலாம்; பதிவேடு பருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

இனி ஸ்லாட். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஸ்லாட் என்பது, பதிவேட்டில் ‘இந்த வாசகர் இதுவரை படித்திருக்கிறார்’ என்று டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளும் குறி. வாசகர் என்பது இங்கே ஒத்திசைவுக் கருவி. வாசகர் படித்து முடிக்காத பகுதியை டேட்டாபேஸ் அழிக்காது. வாசகர் ஒரு மணி நேரம் காணாமல் போனால் ஒரு மணி நேரப் பதிவேடு காத்திருக்கும். ஒரு மாதம் காணாமல் போனால் ஒரு மாதப் பதிவேடு குவியும். இயல்பான அமைப்பில் இதற்கு வரம்பே கிடையாது. வட்டு நிரம்பும் வரை குவியும். நிரம்பியதும் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும். லாரி கேட்டில்.

சோதனைக்காக ஒரு ஒத்திசைவுக் கருவியைப் பதினைந்து நாள் இலவசமாகப் போட்டுப் பார்ப்பார்கள். பிடிக்காது. அந்தப் பக்கம் கணக்கை மூடிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஸ்லாட் அப்படியே இருக்கும், வராத வாசகருக்காக ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்துவைத்துக்கொண்டு. கருவியைக் கைவிட்டால் ஸ்லாட்டைக் கையால் நீக்க வேண்டும். வேறு யாரும் நீக்க மாட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் 13-இல் வந்த ‘மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்’ என்ற அமைப்பு இதற்கு மருந்து. வட்டில் 100 ஜி.பி. காலி இருந்தால் 20 ஜி.பி. என்று வையுங்கள். அதைத் தாண்டினால் டேட்டாபேஸ் ஸ்லாட்டைச் செல்லாததாக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நீங்கள் முழு நகலை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அது ஓர் இரவு வேலை. ஒத்திசைவு விற்பவர்கள் இந்த வரம்பை வைக்காதே என்பார்கள், தரவு விட்டுப்போகும் என்று. அவர்கள் கவலை அவர்களுக்கு. நம் விதி இன்வாய்ஸ்.

இன்னொரு நிலைமை சற்றே வேடிக்கையானது. வாசகர் ஒழுங்காக இணைந்திருப்பார், பிழை எதுவும் இல்லை, ஆனாலும் வட்டு நிரம்பிக்கொண்டே போகும். பதிவேடு சர்வர் முழுவதற்கும் ஒன்று. ஸ்லாட்டோ ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும். அதே சர்வரில் விரல்ரேகை வருகைப்பதிவு மென்பொருளும் இருந்து, இரவெல்லாம் அதில் மட்டும் எழுத்து நடக்கிறது, பில்லிங் டேட்டாபேஸ் ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறது என்று வையுங்கள். பில்லிங்கில் மாற்றமே இல்லாததால் வாசகர் ‘படித்துவிட்டேன்’ என்று சொல்ல வாய்ப்பு வராது, குறி நகராது, வருகைப்பதிவின் பதிவேடு குவியும். பில்லிங் டேட்டாபேஸில் ஒரு சிறு டேபிளை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு நேரத்தை எழுதச் செய்தால் தீர்ந்தது. டெபீசியத்தில் இதற்கு ‘ஹார்ட்பீட்’ என்று அமைப்பே இருக்கிறது.

டேபிளின் வடிவமாற்றம் பதிவேட்டு வழியில் தானாகப் போகாது. மென்பொருள்காரர் புதுப் பதிப்பில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால் அந்தப் பக்கம் உடையும். ‘அப்டேட் போடுவதற்கு முதல் நாள் எனக்கு ஒரு போன் போடுங்கள்’ என்று அவரிடம் சொல்லிவைப்பதற்கு ஈடான தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்.க்யூ.எல். சர்வர்

மைஎஸ்க்யூஎல் 8-இல் மாற்றப் பதிவேடான பின்லாக் இயல்பாகவே எழுதப்படுகிறது, வரிவாரியான வடிவத்தில், முப்பது நாள் வைத்திருக்கும். செய்ய வேண்டியது அதிகமில்லை. ‘சர்வர் ஐடி’ மற்ற எதோடும் மோதாமல் பார்த்துக்கொண்டால் சரி. வட்டு போதவில்லை என்று யாராவது அந்த முப்பது நாளை ஒரு நாளாகக் குறைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். போஸ்ட்கிரெஸுக்கு நேர் எதிர் இது: மைஎஸ்க்யூஎல் வாசகருக்காகக் காத்திருக்காது, கெடு முடிந்ததும் அழித்துவிடும். மூலத்துக்குப் பாதுகாப்பு, நகலுக்கு ஆபத்து. அமேசான் ஆர்.டி.எஸ்.ஸில் வைத்திருந்தால் பின்லாக்கை எத்தனை மணி நேரம் வைத்திருப்பது என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முடிந்தவரை சீக்கிரம் அழித்துவிடுகிறது.

மரியாடிபியைத் தம்பி என்று நினைத்து அதே பட்டியலைப் பின்பற்றாதீர்கள். அதில் பின்லாக் இயல்பாக அணைந்திருக்கும். போட்டாலும் வடிவம் ‘மிக்ஸ்டு’. ‘ரோ’ என்று மாற்ற வேண்டும். கெடுவும் கிடையாது, நீங்கள் வைக்காத வரை அழிக்கவே அழிக்காது. பின்லாக்கைப் போடும் அன்றே பத்து நாள் கெடுவையும் வைத்துவிடுங்கள்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் இரண்டு வசதிகள். சி.டி.சி. என்பது மாறிய வரியின் பழைய, புதிய மதிப்புகளைச் சேர்த்தே தரும். ஆனால் பின்னணியில் ஏஜென்ட் என்ற சேவை ஓட வேண்டும், எக்ஸ்பிரஸில் அது இல்லை. எக்ஸ்பிரஸ்காரர்களுக்குக் கிடைப்பது சேஞ்ச் டிராக்கிங். எந்த பிரைமரி கீ மாறியது என்று மட்டும் சொல்லும், வரியை நீங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் தேவைக்கு அது தாராளம்.

அதன் இயல்பான கெடு இரண்டு நாள். நம் ஊர்க் காலண்டரோடு சேர்த்துப் பாருங்கள். 2026-இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. வெள்ளி திருவள்ளுவர் நாள், சனி உழவர் திருநாள், ஞாயிறு. புதன் மாலை யாரோ நல்லெண்ணத்தில் ரூட்டரை அணைத்துவிட்டுப் போனால், திங்கள் காலை வாசகர் வந்து ‘புதன்கிழமைக்குப் பின் என்ன மாறியது’ என்று கேட்பார். அந்தக் குறிப்புகள் இருக்காது. நல்ல கருவி என்றால் முழு நகலை மறுபடி எடுக்கும். மோசமான கருவி என்றால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். கெடுவைப் பத்து நாளாக்குங்கள். ஆயுத பூஜைக்கும் சேர்த்துப் போதும்.

யாரை உள்ளே விடுவது

“சார், அந்த எஸ்.ஏ. பாஸ்வேர்டு கொடுத்துடுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிடறேன்” என்று ஒத்திசைவு நிறுவ வரும் பையன் கேட்பான். கெட்ட எண்ணம் இருக்காது, அவசரம்தான். எஸ்.ஏ. என்பது டேட்டாபேஸையே அழிக்கும் அதிகாரம் கொண்ட பயனர். “இல்லப்பா, தனி யூசர் போட்டு வச்சிருக்கேன், அதையே யூஸ் பண்ணு” என்று சொல்ல நீங்கள் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஒத்திசைவுக்கு மட்டுமான பயனர், தேவையான டேபிள்களில் படிக்கும் உரிமை, பதிவேட்டைப் படிக்கும் உரிமை. மேலே சொன்ன ஹார்ட்பீட் டேபிளைத் தவிர, எழுதும் உரிமை எதிலும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் படிக்கும் உரிமையோடு ‘ரெப்ளிகேஷன் ஸ்லேவ்’, ‘ரெப்ளிகேஷன் கிளையன்ட்’ இரண்டும், முதல் நகலின்போது ‘ரீலோட்’டும் கேட்கும்.

எதைக் கொடுப்பது என்பதைவிட எதைக் கொடுக்காமல் இருப்பது என்று யோசியுங்கள். தொழிலாளர் டேபிளில் ஆதார் எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். விற்பனைப் படம் பார்க்க ஆதார் எதற்கு? தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. கூடுதலாக ஒரு நகல் இருந்தால் கூடுதலாக ஒரு பொறுப்பு. போஸ்ட்கிரெஸ் 15 முதல் வெளியீட்டிலேயே எந்தப் புலங்கள் போகலாம் என்று பட்டியலிட முடியும். மற்றவற்றில் புலவாரியாகப் படிக்கும் உரிமை கொடுக்கலாம், அல்லது ஒரு வியூ எழுதி அதை மட்டும் காட்டலாம். ஆனால் பின்லாக்கைப் படிப்பவரைப் புலவாரி உரிமை தடுக்காது, வியூவைப் பதிவேட்டு வழியில் படிக்கவும் முடியாது; நேரப் புல வழிக்குத்தான் இவை ஆகும்.

வெளியே போகும் பாதை

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானபோது அங்கே லேத்தும் பிரஸ்ஸும்தான். இன்று அதே பேட்டைப் பகுதியில் என்.டி.டி., டிஜிட்டல் கனெக்ஷன் போன்றவர்களின் பெரிய தரவு மையங்கள் நிற்கின்றன. இருந்தாலும் அமேசான் கிளவுடை எடுத்தால் இந்தியாவில் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு இடங்கள் மும்பையும் ஹைதராபாத்தும். அம்பத்தூரில் பதிந்த சலான் மும்பை போய்த்தான் பூந்தமல்லிக்கு வரும். கொஞ்சம் அபத்தம்தான், ஆனால் ஒரு நொடிகூட ஆகாது. மைக்ரோசாப்ட் அஷூருக்கு 2015 முதல் சென்னையிலேயே இடம் இருக்கிறது.

செய்யக் கூடாத ஒன்று: ரூட்டரில் 5432, 3306, 1433 போர்ட்களை இணையத்துக்குத் திறந்துவிடுவது. இந்த எண்களைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தவிர, சாதாரணப் பிராட்பேண்ட் இணைப்பில் நிலையான முகவரியே பெரும்பாலும் கிடைக்காது. உள்ளே ஒரு சிறு கணினியில் முகவர் நிரலை ஓடவிட்டு, அது வெளியே போய் இணைவதுதான் ஒழுங்கு. ஜோஹோ அனலிடிக்ஸின் டேட்டாபிரிட்ஜ் அப்படிப்பட்டது. அது இல்லாத கருவியென்றால் உள்ளிருந்து தொடங்கும் எஸ்.எஸ்.எச். சுரங்கம். இணைப்பு குறியாக்கத்தோடு போகிறதா, எதிர்ப்பக்கத்துச் சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸின் அனுமதிக் கோப்பில் ஒரு பொறி உண்டு. ‘ரெப்ளிகேஷன்’ என்ற சொல்லைப் போட்டு ஒரு வரி எழுதிவிட்டு இணைப்பு வரவில்லையே என்று தேடுவார்கள். அந்தச் சொல் முழு சர்வர் நகலுக்கானது. நம் வகைக்கு டேட்டாபேஸின் பெயரையே எழுத வேண்டும்.

தமிழ், நேரம், பணம்

மூன்றும் நகலில் சத்தமில்லாமல் கெடும் விஷயங்கள்.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், முதல் சந்தேகம் எழுத்து முறை. எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘வார்கேர்’ புலத்தில் தமிழைப் போட்டால் வழக்கமாக வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும், ‘என்வார்கேர்’ வேண்டும். பழைய மென்பொருளில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்திருந்தால் டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துக் குவியல். ஒத்திசைவு அதை அப்படியே கொண்டுபோகும். கிளவுடில் அந்த எழுத்துரு இருக்காது. யூனிகோடுக்கு மாற்றும் வேலையை மூலத்திலேயே ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள்.

நேரம். ஓடூ தன் நேரப் புலங்களை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. ஈஆர்பிநெக்ஸ்ட் நீங்கள் தேர்ந்த நேரமண்டலத்தில், அதாவது இந்திய நேரத்தில். இரண்டிலும் புலத்தைத் திறந்து பார்த்தால் எது எந்த நேரம் என்று ஒரு குறியும் இருக்காது. இந்திய நேரத்தைப் பொது நேரம் என்று வாசகர் எண்ணிவிட்டால் ஐந்தரை மணி நேரம் கூடும். மார்ச் 31 இரவு 11 மணிக்குப் போட்ட இன்வாய்ஸ் ஏப்ரல் 1 அதிகாலை 4:30 ஆகி, அடுத்த நிதியாண்டில் போய் விழும். ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது இதைத் தேடிப் பாருங்கள், தலை சுற்றும். இரவு ஷிப்ட் உற்பத்தியும் இப்படித்தான் தேதி தாவும். சர்வரின் கடிகாரமே சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தேசிய இயற்பியல் ஆய்வகம் அல்லது என்.ஐ.சி.யின் நேரத்தோடு இணைக்கச் சொல்லி, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

பணத்துக்கு ஒரே விதி: ‘டெசிமல்’. மூலத்தில் ‘ஃப்ளோட்’ என்று வைத்திருந்தால் நகலில் கூட்டும்போது பைசாக்கள் நழுவும். முழு ரூபாயாக்கும் வரிக்குப் பின்னால் எத்தனை பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

முதல் நகலும் அதற்குப் பிறகும்

முதல் முழு நகல்தான் மூலத்துக்கு அதிகச் சுமை. போஸ்ட்கிரெஸில் இது நீளமான ஒரே பரிவர்த்தனையாக ஓடும். ஓடும் வரை பழைய வரிகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை தள்ளிப்போகும். மைஎஸ்க்யூஎல்லில் தொடக்கத்தில் சிறிது நேரம் பூட்டு விழலாம். மாதக் கடைசி வேண்டாம். ஜி.எஸ்.டி.ஆர்-1 கெடுவான 11-ஆம் தேதிக்கு முன்னும், ஜி.எஸ்.டி.ஆர்-3பி கெடுவான 20-ஆம் தேதிக்கு முன்னும் வேண்டாம். மாதத்தின் கடைசி வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை இரவு உத்தமம். எல்லா டேபிளையும் ஒரே இரவில் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. மாஸ்டர்கள் முதல் வாரம், இன்வாய்ஸ் அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நகல் வந்ததும் வரிகளை எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. ஐ.ஆர்.என். இல்லாத இன்வாய்ஸும் ஒரு வரிதான். நேற்றைய தேதிக்கு, மூலத்திலும் நகலிலும், இன்வாய்ஸ் எண்ணிக்கை, வரிக்குட்பட்ட மதிப்பின் கூட்டுத்தொகை, ரத்தானவற்றின் எண்ணிக்கை மூன்றையும் தினமும் காலை ஒப்பிட ஒரு சிறு நிரல் எழுதிவிடுங்கள். வேறுபட்டால் வாட்ஸ்அப்பில் செய்தி வரட்டும். கூடவே ஸ்லாட் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது, வட்டில் எவ்வளவு காலி என்ற இரண்டு எண்களும்.

இந்த நகல் காப்பு நகல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. அப்படியொரு நாளில் கிளவுடில் ஒரு பிரதி இருப்பது ஆறுதல்தான். ஆனால் யாராவது தவறாக ஒரு டேபிளை அழித்தால் பதிவேட்டு வழி அந்த அழிப்பையும் சில நொடிகளில் பக்தியோடு கொண்டுசேர்த்துவிடும். கம்பெனிக் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரிக் காப்பு வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த ஏற்பாடு தனியாக நடக்கட்டும். காப்பு நகலிலிருந்து போஸ்ட்கிரெஸை மீட்டால் லாஜிக்கல் ஸ்லாட் கூடவே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மீட்ட அன்றே புது ஸ்லாட், புது முழு நகல்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின், வேலை குறைந்த ஒரு மதியம், வாசகரை வேண்டுமென்றே நான்கு மணி நேரம் நிறுத்திவையுங்கள். பில் வழக்கம்போல் விழுகிறதா, பதிவேடு எத்தனை ஜி.பி. ஏறுகிறது, திரும்பப் போட்டதும் எவ்வளவு நேரத்தில் பிடித்துவிடுகிறது என்று எழுதிவையுங்கள். நான்கு மணி நேரத்தில் ஏறியதைக் கொண்டு, பொங்கல் விடுமுறைக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு, வரம்பாக வைத்த அந்த 20 ஜி.பி.யைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அந்தத் தாளைச் சர்வர் அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், ரூட்டரை அணைக்க வருபவர் கண்ணில் படும்படி.